சாவைப் பற்றியும் படிக்கட்டும்

ஐயா,

மீள முடியாத நோய்நிலையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்று, 2023இல் நடைமுறையை எளிமையாக்கிய பின்னும் எங்கள் பகுதியில் அதைப் பற்றிப் பேசுவோரைக் காணோம் என்றால், குறை சட்டத்தில் இல்லை. சாவைப் பற்றிப் பேச நமக்கு எவரும் கற்றுத்தரவில்லை. என் தந்தை குடியாத்தத்தில் நோய் முற்றிப் படுத்திருந்தபோது, "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டபோதெல்லாம் மருத்துவர் பேச்சை மாற்றினார், நானும் மாற்றினேன். (ஒப்பாரி பாடும் பாட்டிகள் எங்களைவிட நேர்மையானவர்கள்.)

சாகும் தறுவாயில் இருந்தோரிடமே கேட்டறிந்து மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர் ராஸ் 1960களில் மேற்கொண்ட ஆய்வால் வலுப்பெற்ற, சாவையும் அது தரும் துயரத்தையும் ஆராயும் துறையான இறப்பியலை, ஒப்பாரி மரபையும் சேர்த்து, சமூகப்பணி மாணவர்களுக்கு விருப்பப் பாடமாக்கத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்