அடுத்த ரைடில் பாட்டிக்கும் ஓர் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் எல்லா வீட்டிலும் ‘இந்த வருஷம் எந்தத் தீம் பார்க்’ என்ற பேச்சு கிளம்பிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியும் நானும், எந்தப் பார்க்கில் அடுத்து என்ன ரைடு போடுவார்கள் என்று ஊகித்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். மூன்று வருடமாக எழுதுகிறோம். அவள் எழுதுவதெல்லாம் உயரமாகவும் தலைகீழாகவும் இருக்கும். நான் எழுதுவது வேறு மாதிரி. அந்த நோட்டிலிருந்து சிலவற்றையும், பூங்கா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோளையும் வாசகர் பகுதியில் இடம் கேட்டு எழுதுகிறேன்.

நான் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், பெட்டிக்கு அடியில் வரும் சக்கரச் சட்டத்தைப் பூட்டும் போகி ஷாப்பில் ஃபிட்டராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சக்கரம், ஆக்சில், ஸ்பிரிங், பிரேக் இவற்றோடுதான் என் காலம் போனது. அதனால் ஒரு ரைடின் முன்னால் போய் நின்றால் எனக்கு முதலில் கண்ணில் படுவது அதன் சக்கரம். மேலே அலறுகிறவர்கள் அப்புறம்தான்.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா பூங்கா திறந்தபோது 64 ஏக்கர், 611 கோடி ரூபாய், 43 ரைடுகள் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது அதில் ஒன்றுதான்: ‘தஞ்சோரா’ என்ற ரோலர் கோஸ்டர். அதைச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பொலிகர் – மாபிலார்ட் நிறுவனத்தார். ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கியபோது ரயில் பெட்டி கட்டும் நுட்பத்தை நமக்குக் கொடுத்ததும் ஒரு சுவிஸ் நிறுவனம்தான். ஷ்லீரன் என்ற ஊரில் இருந்தது. எங்கள் ஷாப்பில் பழைய வரைபடங்களைப் பற்றிப் பேசும்போது ‘ஷ்லீரன்காரன் போட்ட கணக்கு தப்பாது’ என்று சீனியர்கள் சொல்லுவார்கள். எழுபது வருடம் கழித்து அதே நாட்டிலிருந்து இன்னொரு தண்டவாளம் நம் ஊருக்கு வந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அது ‘இன்வர்ட்டட்’ வகை. தண்டவாளம் தலைக்கு மேலே போகும், கால் அந்தரத்தில் தொங்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் சக்கர அமைப்பைப் புரிந்துகொண்டவனுக்குப் பயம் பாதியாகிவிடும். ரயிலில் சக்கரத்தின் உள்பக்க விளிம்பும் பெட்டியின் எடையும்தான் வண்டியைத் தண்டவாளத்தில் நிறுத்துகின்றன. இங்கே அப்படியில்லை. குழாய் போன்ற தண்டவாளத்தை மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு சக்கரம், அடியில் ஒரு சக்கரம் என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். தலைகீழாகப் போனாலும் நழுவ வழியில்லை. அப்புறம், தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், அதில் ஒரு பகுதிதான் பிளாக்; ஒரு பிளாக்கில் ஒரு வண்டி இருந்தால் பின்னால் வரும் வண்டி அதற்குள் நுழையக் கூடாது என்ற ரயில்வே விதியே ரோலர் கோஸ்டருக்கும் விதி. ரோலர் கோஸ்டர் பற்றிய இதையெல்லாம், தஞ்சோரா வருவதற்கு முன்பே, பேத்திக்கு விளக்கிச் சொன்ன நாளிலிருந்துதான் இந்த நோட்டு ஆரம்பமானது.

சரி, ஊகத்துக்கு வருகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பழைய பூங்காக்கள், அதாவது ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம். ஆகியவை, புதிய போட்டிக்குப் பதிலடியாகப் பெரிய கோஸ்டர் போடும் என்று பேத்தி எழுதியிருக்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். கடற்கரையோர லைன்களில் ஓடிவிட்டு வந்த பெட்டியின் அடிச்சட்டத்தைச் சுரண்டிப் பார்த்த கை இது. உயரமான எஃகு அமைப்பு என்றால் கடலோரத்தில் வருடம் முழுக்க பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அங்கே வரப்போவது ஃபைபரில் செய்த தண்ணீர்ச் சறுக்குகளும் அலைக்குளமும்தான் என்பது என் கணக்கு. நம் வெயிலுக்கு ஜனங்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பூங்காவுக்கு, மலைச்சரிவில் ஆளே கைப்பிடியால் பிரேக் போட்டுக்கொண்டு இறங்கும் ஆல்பைன் கோஸ்டர் என்று பேத்தி எழுதினாள். அதை நான் நோட்டிலேயே அடித்துவிட்டேன். கல்லாறு யானை வழித்தடம் பக்கத்திலேயே இருக்கிறது. வேலிக்கு வெளியே ஒரு அடி கூடப் போகக் கூடாது. ஆனால் வேலிக்குள்ளேயே செய்ய ஓர் அருமையான விஷயம் அங்கே காத்திருக்கிறது. 1899-லேயே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறிவிட்டது. கல்லாறு தாண்டியதும் 12 அடி நகர்ந்தால் ஓரடி உயரும் ஏற்றம். நடுவில் பற்கள் கொண்ட இரட்டைப் பட்டை, எஞ்சினில் அதைக் கடித்து ஏறும் பல்சக்கரம். அதே பல்சக்கர முறையில் சின்னதாக ஒரு வண்டி, ஒரு செயற்கைக் குன்றின் மேல் மெதுவாக ஏறி, ஒரு சுரங்கத்தில் நுழைந்து, ஓர் அருவியின் பின்னால் வளைந்து இறங்கட்டும். ஊட்டி ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் திரும்பும் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் எல்லோரும் இதில் ஏறுவார்கள்.

மதுரை பரவையில் இருக்கும் ‘அதிசயம்’ பூங்காவுக்கு நான் எழுதியது படகு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், ஏன் எனக்கு இந்த எண்ணம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஏழு பேர் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் நடப்பதுதான். உள்ளே போனதும் என் மனைவி, “நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கறேன்” என்று ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து ஜோடி செருப்பு, மூன்று பை, எல்லோருடைய போன்களும் கண்ணாடிகளும் அவள் மடியில். ரைடில் ஏறத் தேவையான உயர அளவை அப்போது எட்டாத பேத்தியும் அவளோடு. காலை பதினொன்றிலிருந்து மாலை நாலரை வரை, வெயில் நகர நகர மனைவியும் பெஞ்சில் நகர்ந்துகொண்டே இருந்தாள். கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டாஷிங் கார் எதிலும் அவள் ஏறவில்லை. முழு டிக்கெட் வாங்கியிருந்தோம். குட்டி ரயிலில் ஒரு சுற்று போனாள், அவ்வளவுதான். நான் கோஸ்டரிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது அந்த மரத்தடியில் அவளைப் போலவே பை காத்துக்கொண்டு பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். பெரும்பாலும் பாட்டிகள், இரண்டு கர்ப்பிணிகள், காலில் கட்டுப் போட்ட ஓர் ஆள், வரமாட்டேன் என்று அழுத ஒரு பையனின் அப்பா.

அந்தப் பதினேழு பேரும் ஏறுகிற மாதிரி ஒரு ரைடு ஏன் இல்லை? இதுதான் என் கேள்வி. ஒவ்வொரு முறையும் புதிய ரைடு என்றால் முன்னதைவிட உயரம், முன்னதைவிட வேகம் என்றே விளம்பரம் வருகிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, இளைஞர்களுக்குத் தனிப் பகுதி என்று பிரிக்கிறார்கள். ஒரே இருக்கையில் ஆறு வயதும் அறுபத்தாறு வயதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிற இடம் மிகக் குறைவு. தீவுத்திடல் பொருட்காட்சியில் ஜெயன்ட் வீல் அந்த வேலையைச் செய்தது. 1984-ல் கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் அதில் ஏறினோம். உச்சியில் நின்றபோது சென்ட்ரல் கோபுரக் கடிகாரத்தை எனக்குக் காட்டியது அவள்தான். அவளுக்குப் பயம் கிடையாது. முழங்கால்தான் இப்போது ஒத்துழைக்கவில்லை.

இனி படகு. மதுரை வெயிலுக்குக் கூரை வேண்டும். ஒரு பெரிய கொட்டகை, உள்ளே இருட்டு, வளைந்து வளைந்து போகும் ஒரு கால்வாய். படகுக்கு எஞ்சினே வேண்டாம். பம்பு தள்ளிவிடும் தண்ணீர் ஓட்டமே படகை இழுத்துப் போகும். கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாண்டில் 1966 முதல் ஓடும் படகுச் சவாரி அப்படிப்பட்டதுதான். சக்கர நாற்காலியோடே ஏற்றிக்கொள்ளும் படகும் அங்கே இருக்கிறது. நம் ஊரில் இதைச் செய்ய எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். பம்புக்குக் கோயம்புத்தூரை விட்டால் வேறு ஊர் வேண்டுமா? கரையில் வைகை, நாணல், இரவில் தெப்பக்குளத்தின் மைய மண்டபம், புதுமண்டபத்துக் கடைத்தெரு, மல்லிகைப்பூச் சந்தையின் வாசனை வரும் ஒரு திருப்பம். பத்து நிமிடம். செருப்பைக் கழற்ற வேண்டாம், பையையும் கையோடு கொண்டு போகலாம்.

இதற்கெல்லாம் வெளிநாட்டு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வொண்டர்லா தன் ரைடுகளில் பலவற்றைக் கொச்சியில் சொந்தத் தொழிற்கூடத்திலேயே செய்துகொள்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனை ஊட்டி ரயிலுக்குப் புது நீராவி எஞ்சினே செய்து கொடுத்தது. தலைகீழாகச் சுற்றும் கோஸ்டரைச் சுவிஸ்காரரிடம் வாங்குவது நியாயம், அதில் அவர்கள் அனுபவம் பெரிது. மெதுவாக ஓடும் குடும்ப ரைடை அம்பத்தூரிலும் கோவையிலும் இருக்கும் கைகளே செய்யும். இதை நான் 34 வருட வேலையை வைத்துச் சொல்கிறேன். மெதுவான ரைடு என்றால் பராமரிப்பு அலட்சியம் செய்யலாம் என்பதும் இல்லை. தினமும் காலையில் ஆள் ஏற்றுவதற்கு முன் காலி வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். குட்டி ரயிலுக்கும் அதேதான் விதி.

திருப்போரூர் வொண்டர்லாவில் அடுத்து என்ன வரும் என்பதுதான் நோட்டில் கடைசிப் பக்கம். பேத்தி, தரையிலிருந்தே காந்த மோட்டார் வேகத்தில் பாய்ந்து கிளம்பும் கோஸ்டர் என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். பூங்கா திறக்கும்போது பெரியதைக் காட்டிக் கூட்டத்தை வரவழைத்துவிட்டு, அடுத்த சில வருடங்களில் குடும்பங்களைத் தக்கவைக்க நடுத்தர ரைடுகளைச் சேர்ப்பது பூங்கா தொழிலில் வழக்கம் என்பதால், கூரை போட்ட ஒரு குடும்ப ரைடுதான் வரும் என்று நான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் ஆசையும் அதில் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை.

தங்கள் நிருபர் யாராவது பூங்கா அதிபர்களைப் பேட்டி காணும்போது, ‘அடுத்த ரைடு எத்தனை அடி உயரம்’ என்று கேட்கும் முன்னால், ‘அதில் எத்தனை வயது வரை ஏறலாம்’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் போடுங்கள். இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவியிடமும் கேட்டேன், நீ எதில் ஏறுவாய் என்று. “கூரை இருக்கணும், படி ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாது, புள்ள என் பக்கத்துல உக்காரணும். அப்புறம் வேகமாப் போனாலும் எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள். நோட்டில் அவள் பெயரில் ஒரு புதுப் பக்கம் திறந்து அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். ஃபிட்டர்,
வில்லிவாக்கம், சென்னை.