புது வண்டிக்குக் கோட்டிங் அப்புறம், மொதல்ல நெழல் குடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

சித்திரை பொறந்தா போதும், உங்க பேப்பர்ல வெயில் நியூஸ் வர ஆரம்பிச்சிடும், சேலத்துல இன்னிக்கு இத்தன டிகிரி, மோர் குடிங்க, மத்தியானம் வெளிய போகாதீங்கன்னு, எல்லாம் தேவையான விஷயந்தான். ஆனா அதே வெயில்ல காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் நிக்கிற வண்டியப் பத்தி யாரும் ஒரு வரி எழுதறதில்ல. லோன் போட்டு, நகைய அடகு வச்சு, வருஷக்கணக்கா ஈஎம்ஐ கட்டற வண்டிங்க அது. டியூ முடியறதுக்குள்ளயே ரூஃப் வெளுத்து, பானெட் தோல் உரிஞ்சு பட்டறைக்கு வந்து நிக்குது. நான் கொண்டலாம்பட்டி பக்கம் டிங்கரிங் பெயிண்டிங் வேலை பாக்கறவன், இப்படி வர்ற வண்டியப் பாத்தா எனக்கு வேலை கெடைச்சுதேன்னு சந்தோசம் வர்றதில்லீங்க, வாங்குன அன்னிக்கே நாலு விஷயத்த யாராவது எடுத்துச் சொல்லியிருந்தா இந்த மனுஷனுக்கு இந்தச் செலவு வந்திருக்காதேன்னுதான் தோணுது, அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

புது வண்டியில நம்ம கண்ணுக்குத் தெரியற கலர் ஒரே பூச்சு இல்ல. தகரத்து மேல துரு புடிக்காம இருக்க ஒரு கோட், அதுக்கு மேல பிரைமர், அப்புறம் கலரு, கடைசியா கிளியர்னு கலர் இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. எல்லாம் சேத்தே 100ல இருந்து 150 மைக்ரான் வரைக்கும்தான் வரும் (ஒரு மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணுதான் ஒரு மைக்ரான்), அதுல கிளியர் மட்டும் 40 மைக்ரான் பக்கம், ஒரு தலைமுடிய விடவே மெல்லிசு. பளபளப்பு மொத்தமும் அதுலதான் இருக்குது, வெயில மொதல்ல வாங்கறதும் அதுதான். வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர உறிஞ்சிக்கறதுக்குன்னே கம்பெனில கிளியர்ல மருந்து கலந்து அடிக்கறாங்க, ஆனா அந்த மருந்து காலத்துக்கும் நிக்காது, வருஷம் ஆக ஆக கொஞ்சங் கொஞ்சமா தீந்துட்டே வரும். தீந்த எடத்துல கிளியர் உள்ளுக்குள்ள அறுபட ஆரம்பிக்கும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அது வழியா பனியும் மழைத்தண்ணியும் எறங்கி, கடைசில கலர் மேல இருக்கற பிடிப்ப விட்டுடும். மொதல்ல ரூஃப்ல ஓரமா கையகலத்துக்கு வெள்ளையா படர்ந்து தெரியும். நகத்த வச்சு அந்த ஓரத்த லேசா நெம்பிப் பாத்தீங்கன்னா வெங்காயத் தோல் மாதிரி ஒரு சல்லு கையோட வந்துடும். அந்த நெலைமைக்கு வந்துட்டா எந்தப் பாலிஷும் கேக்காது, தேச்சு எடுத்துட்டு மறுபடி அடிக்கறதுதான் வழி.

கதவு நல்லா இருக்குது, ரூஃபும் பானெட்டும் மட்டும் ஏன் போச்சுன்னு கேக்கறாங்க. நம்ம ஊருக்கு வெயில் தலைக்கு நேர் மேல இருந்து எறங்குதுங்க. ஏப்ரல் 20 வாக்குல ஒரு தடவ, ஆகஸ்ட் 22 வாக்குல ஒரு தடவ, சூரியன் சேலத்துக்கு நடு உச்சியில வந்து நிக்குது, அன்னிக்கு மத்தியானம் நேரா நட்டு வச்ச குச்சிக்கு நெழலே விழாது. அதனால கத்திரி வெயிலுக்கு மட்டும் வண்டிய மூடி வச்சுட்டு ஆவணி மாசம் போனா போகுதுன்னு வெட்டவெளில விடறது சரியே இல்ல, மாசி மாசத்துல இருந்து ஐப்பசி வரைக்கும் வெயிலோட கடுமை பெயிண்டுக்குப் பெரிசா கொறையறதில்ல. கறுப்பு, கருநீல வண்டி ரூஃப் நல்ல வெயில்ல 70 டிகிரியத் தொட்டுடும், கைய வைக்க முடியாது. சூடு ஏற ஏற கெடுதலும் வேகமாகும். செவப்பு வண்டி வச்சிருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும், பழைய செவப்பு ஸ்கூட்டர்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர உரிச்சுப் பாருங்க, அதுக்கு அடியில இருக்கற செவப்பும் வெளிய இருக்கற செவப்பும் ரெண்டு வேற வண்டியோடதுன்னு சொல்ற அளவுக்கு இருக்கும்.

இப்ப நான் ரொம்ப வருத்தப்படற விஷயத்துக்கு வர்றேன். வெயில்ல இருந்து காப்பாத்தற அந்தக் கிளியர நாமளே காசு குடுத்துத் தேய்க்க விடறோம். சர்வீஸுக்கு விடறப்பல்லாம் ரப்பிங் பாலிஷ் போட்டுத் தர்றோம்னு சொல்லுவாங்க, நம்மாளுங்களும் புதுசு மாதிரி மின்னுதேன்னு சரின்னுடுவாங்க. காம்பவுண்டுன்னு நைசா அறுக்கற பசையப் போட்டு பஃபிங் மெஷின ஓட்டினா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு ரெண்டு மைக்ரான், கை கொஞ்சம் அழுத்தினா அதுக்கு மேலயும், கிளியர் போகும். இருக்கறதே 40. ஆழமான கீறல் விழுந்தா ஒரு தடவ பண்ணுங்க, வேண்டாங்கல, ஆனா புது வண்டிக்கு சர்வீஸுக்கு சர்வீஸ் ரப்பிங் எதுக்குங்க? மெழுகு போடறது வேற, ரப்பிங் வேற, ரெண்டையும் பாலிஷுன்னே சொல்றதால ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாமப் போகுது. பில்லுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க, காம்பவுண்ட்னு இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.

டெலிவரி அன்னிக்கு விக்கிற கோட்டிங் கதை தனி. டெஃப்லான் கோட்டிங்னு சொல்லி காசு வாங்கறாங்க. டெஃப்லான் உருகறதே 327 டிகிரில, தோசைக்கல்லுல அது ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா அவ்வளவு சூட்டுல வேக வச்சதால. கார் மேல துணியால தடவி விடறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, சில மாசத்துக்கு வழுவழுன்னு இருக்கும், அவ்வளவுதான். செராமிக் கோட்டிங் நல்ல பொருள், அதக் குறை சொல்லல, தண்ணி நிக்காது, அழுக்கு சீக்கிரம் போகும், எச்சத்துக்குக் கொஞ்சம் தாங்கும், ஆனா அதோட தடிமன் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான், செராமிக் போட்டாச்சு இனி வெயில்ல நிறுத்தலாம்னு நெனைக்காதீங்க. பிபிஎஃப்னு பெயிண்டு மேல ஒட்டற கண்ணாடி மாதிரி பிலிம் நெசமாவே பாதுகாப்பு, 150 மைக்ரானுக்கு மேல தடிமன், புற ஊதாக் கதிரத் தாங்கற மாதிரியே செய்யறாங்க, ஆனா நல்ல பிலிம்ல முழு காருக்கும் ஒட்டினா ஒரு லட்சத்தத் தாண்டும், அத்தன பேரால முடியுமா? ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா நெழல்ல நிறுத்தி, சுத்தமா கழுவித் தொடச்சு, நல்ல கார் மெழுகு ஒரு கை போட்டாலே போதும், ஒரு டப்பா வாங்கினா வருஷம் ஓடும். சில பேரு புது பெயிண்டுக்கு உடனே மெழுகு போடக்கூடாதும்பாங்க. பேக்டரியில 140 டிகிரி வாக்குல வேக வச்சு வர்ற பெயிண்ட், மொத நாளே போடலாம். பட்டறையில அடிச்ச பேனலுக்குத்தான் ஒரு மாசமாவது ஆற விடணும்.

கழுவறதுல நெறைய பேரு கோட்ட விடறது தண்ணியில. சேலத்துல பாதி எடத்துல போர் தண்ணி உப்பு. உச்சி வெயில்ல கழுவிட்டு அப்படியே விட்டா சொட்டு காஞ்சு வட்ட வட்டமா வெள்ளைக் கறை உக்காந்துக்கும், அது மேலயே தினம் வெயில் பட்டா கிளியர்ல எறங்கிடும். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி கழுவுங்க, மைக்ரோபைபர் துணியில ஈரம் இல்லாம எடுங்க. தூசிய காஞ்ச துணியில தொடைக்கவே தொடைக்காதீங்க, நம்ம ரோட்டுத் தூசியில மணல் இருக்குது, நைசா கீறிடும், வெயில்ல பாத்தா சுத்திச் சுத்தி வலை வலையா தெரியறது எல்லாம் அதுதான். டூவீலருக்கு வாட்டர் சர்வீஸ் முடிச்சதும் மினுமினுப்புக்கு டீசல் அடிச்சு விடறாங்களே, அதையும் வேண்டாம்னு சொல்லுங்க, பெயிண்டுக்கும் ஆகாது, ரப்பருக்கும் ஆகாது.

பூஜை போடறதப் பத்தி சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. கோட்டை மாரியம்மன் கோயில்ல வண்டிய நிறுத்தி மாலை போட்டு சந்தனம் குங்குமம் வைக்கறது நம்ம வழக்கம், நானும் வைக்கறவன்தான். ஆனா கடைக் குங்குமத்துல சாயம் இருக்கும், மஞ்சளோட சேந்து அது ஒரு வாரம் வெயில்ல காஞ்சா வெள்ளை வண்டியில செம்மஞ்சளா கறை நின்னுடுது. சாயங்காலம் ஈரத்துணி வச்சு மெதுவா எடுத்துட்டா சாமி கோச்சுக்காது. மாலையையும் வாடினதும் எடுத்துடுங்க.

மரத்தடி நெழல் கண்டிப்பா நல்லதுதான், எந்த மரம்னு மட்டும் பாத்துக்கணும். புங்கமரம் அருமையான நெழல். மாமரம் தை மாசி பூக்கற சமயத்துல வேண்டாம், பூவுல உக்கார்ற தத்துப்பூச்சி விடற பிசுபிசுப்பு மேல இருந்து தூறல் மாதிரி எறங்கும், அதுல தூசி ஒட்டி கறுப்பு பூஞ்சை புடிச்சுக்கும், மாம்பழ ஊருல இது தெரியாதவங்க இல்ல, ஆனா வண்டிய அங்கதான் விடறாங்க. காக்கா, மைனா எச்சம் விழுந்தா அன்னன்னிக்கே எடுத்துடணும். சூட்டுல கிளியர் எளகி விரியும், ராத்திரி குளுர்ந்து சுருங்கும், அந்த நேரத்துல எச்சம் மேல இருந்துச்சுன்னா அதோட தடம் பதிஞ்சுடும். சொரண்டாதீங்க, ஈரத்துணிய மேல போட்டு ஊற விட்டு அப்படியே தூக்கி எடுங்க. வாரண்டி புக்குல எச்சத்துக்கும் மரப்பிசினுக்கும் பொறுப்பில்லன்னு பெரும்பாலும் போட்டிருப்பாங்க, அதையும் ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கோங்க.

கவர் போடலாமான்னு கேப்பாங்க. உள்பக்கம் பருத்தி மாதிரி மெத்துனு இருக்கறதா, காத்து போற துணியா இருந்தா போடலாம், ஆனா அழுக்கு வண்டி மேல போட்டா காத்துல அடிச்சு அதுவே தேச்சுடும், ஈர வண்டி மேல போட்டா புழுங்கிடும். வீட்டுல போர்டிகோ இல்லாதவங்களுக்கு நான் சொல்றது, நர்சரியில கட்டற பச்சை ஷேடு நெட் இருக்குதுல்ல, அதுல 75 சதவீதம், 90 சதவீதம்னு நெழல் அளவு போட்டே விக்கறாங்க, நாலு பைப்ப நட்டு 90 நெட்ட இழுத்துக் கட்டினீங்கன்னா எந்தக் கோட்டிங்கும் குடுக்காத பாதுகாப்பு அதுல கெடைக்கும். செலவும் கோட்டிங்குக்குக் கேக்கற காசுல ஒரு பங்குதான்.

ஏற்காட்டுக்காரங்க இதெல்லாம் சேலத்துக்குத்தான்னு நெனைக்கறாங்க, அது தப்புங்க. ஏற்காடு 1500 மீட்டர் ஒசரம். 1000 மீட்டர் ஏறினா புற ஊதா 10 சதவீதம் வாக்குல கூடும், நடுவுல இருக்கற காத்து கொறையுதுல்ல. ஒடம்புக்குச் சுடாததால நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான். மெல்லிசா மேகம் இருந்தாலும் பெரும்பாலும் உள்ள எறங்கிடும். மேல எஸ்டேட்டுல வருஷக்கணக்கா வெட்டவெளில நிக்கிற ஜீப்போட பானெட்ட ஒரு தடவ தடவிப் பாருங்க, கையில சுண்ணாம்பு மாவா ஒட்டும்.

கடைசியா ஒரு கோரிக்கை, இதுக்குத்தான் உங்க பேப்பர் வேணும். ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் தினம் ரயில்லயும் பஸ்லயும் வேலைக்குப் போறவங்க காலைல ஸ்டாண்டுல வண்டிய விட்டா ராத்திரிதான் எடுக்கறாங்க. காசு குடுத்துத்தான் விடறாங்க. நான் போற ஸ்டாண்டுல (பேரு வேண்டாம், யாரையும் சங்கடப்படுத்த எழுதல) டோக்கன் குடுக்கற எடத்துக்கு மட்டும் தகரக் கூரை இருக்குது, வண்டிங்க எல்லாம் வெட்டவெளில. கட்டணம் வாங்கற எந்த ஸ்டாண்டா இருந்தாலும், டெண்டர் விடும்போதே வண்டிக்கு மேல கூரையோ ஷேடு நெட்டோ போட்டாகணும்னு ஒரு கண்டிஷன் சேக்கணும். பெரிய எடமா இருந்தா சோலார் பேனலையே கூரையா போடட்டும், கரண்டும் கெடைக்கும். ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ்னு ஜனங்க நாள் பூரா காத்துக் கெடக்கற எடத்துலயும் மதில் ஓரமா புங்கங்கன்னு வச்சு விடலாம். உங்க நிருபர் ஒருத்தர மத்தியானம் ஒரு மணிக்கு ஊருல இருக்கற ஸ்டாண்டுங்களச் சுத்தி வரச் சொல்லி, எங்க நெழல் இருக்குது எங்க இல்லன்னு போட்டோவோட போடுங்க அய்யா.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.