கமலிக்கு, பெய்டு சர்வீஸுக்கு முன்னால்

கோவை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள கமலி,

நலம்தானே? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சின்ன ஜெயா சொன்னாள். சொட்டு மருந்தை நீயே விடு. அவர்களிடம் விட்டால் பாதி கன்னத்தில்தான் போகும். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருடைய சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாம்பழம் வரும்வரைக்கும். சரி, குசலம் போதும்.

நீ கார் வாங்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது, மூன்று ஃப்ரீ சர்வீஸும் முடிந்துவிட்டது என்று அவள்தான் சொன்னாள். ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னமும் கண்ணை மூடிக்கொள்கிறாயாமே? அது உன் பாடு, மதுரைக்காரர்கள் பாடு. எனக்குக் கவலை வேறு. அடுத்தது பெய்டு சர்வீஸ். உன்னை எனக்குத் தெரியாதா? பட்டுப்புடவைக் கடையில் ஒரு தம்பி "அக்கா, இது உங்களுக்குன்னே நெய்தது" என்றதும் அந்த மயில்கழுத்துக் கலரை வாங்கிக்கொண்டு வந்து, இன்றுவரைக்கும் கட்டாமல் வைத்திருப்பவள் நீ. சர்வீஸ் சென்டரில் உனக்காகக் காத்திருப்பவன் அவனைவிட நன்றாகப் பேசுவான். ஏசி ரூமில் உட்காரவைத்துக் காபியும் கொடுப்பான்.

போன வாரம் என் வண்டியை விட்டேன். போனில் கேட்டபோது ஆறாயிரம் சொச்சம் ஆகும் என்றார்கள். நேரில் போனதும் சர்வீஸ் அட்வைஸர் ஒரு பையன் டேப்லெட்டுடன் வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான், டயரைத் தடவினான், அப்புறம் என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டான்: "சார் வரலையா மேடம்?" சாருக்கு இந்த வண்டியில் ஹாரன் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பையன் எஸ்டிமேட் போட்டான். பதினாலாயிரத்து எண்ணூறு.

நான் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், சர்வீஸ் கூலி. இதுவரை சரி. அப்புறம் வந்தது பார் வரிசை: ஏசி ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங் (பெட்ரோலைப் பீய்ச்சுகிற முனையைச் சுத்தம் செய்வது), இன்ஜின் டீகார்பனைஸிங் (உள்ளே படிந்த கரியை எடுப்பது), ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், இன்டீரியர் கிளீனிங், அடியில் துருப்பிடிக்காமல் இருக்கக் கோட்டிங், வைப்பர் பிளேடு, வீல் அலைன்மென்ட், பேலன்சிங். கடைசியில் கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒரு தொகை. அது என்ன தம்பி என்றால், துணி, கிரீஸ், அந்த மாதிரி மேடம் என்கிறான். நம் ஹாஸ்டல் மெஸ் பில்லில் மாசாமாசம் எதற்கென்றே தெரியாத ஒரு தொகை வருமே, அந்த ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பையன் பயந்துவிட்டான்.

நான் கைப்பையிலிருந்து வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்தேன். உன் கார் டேஷ்போர்டிலும் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும், போய் எடு. பின்பக்கம் ஒரு அட்டவணை இருக்கும்: இத்தனை கிலோமீட்டருக்கு அல்லது இத்தனை மாதத்துக்கு எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று. பெட்ரோல் வண்டிக்குப் பெரும்பாலும் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. என் வண்டியின் அட்டவணையில் இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஒரு வரி கிடையாது. டீகார்பனைஸிங்கும் கிடையாது. மைலேஜ் சட்டென்று குறைந்தாலோ, சும்மா நிற்கும்போது இன்ஜின் உதறினாலோ அதைப் பற்றி யோசிக்கலாம். நன்றாக ஓடுகிற வண்டிக்கு எதற்கு? "இதுல எங்கே இருக்கு, காட்டுங்க தம்பி" என்றேன். அவன் அந்தப் புத்தகத்தை அதற்கு முன் திறந்து பார்த்ததாகவே தெரியவில்லை. "கம்பெனி ரெக்கமெண்டேஷன் மேடம்" என்றான். கம்பெனியின் சிபாரிசுதானே என் கையில் இருக்கிறது!

அதையெல்லாம் அடிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஏசி ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரியாக இருந்தது. "பாருங்க மேடம், இந்தக் காத்தைத்தான் சுவாசிக்கிறீங்க." எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். என் வண்டி ஃபில்டரை மூன்று மாதம் முன்னால் நானே மாற்றியிருந்தேன். ஒன்றும் பிரமாதமில்லை. கிளவ் பாக்ஸைத் திறந்து இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கினால் அது மொத்தமாகக் கீழே தொங்கும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, இரண்டு கிளிப். உருவினால் ஃபில்டர் வந்துவிடும். பழையதில் வேப்பம்பூவும் ஒரு செத்த வண்டும் இருந்தன. ஓரத்தில் அம்புக்குறி போட்டிருக்கும், காற்று போகிற திசைக்கு. அது மாறாமல் புதியதைச் சொருக வேண்டும், அவ்வளவுதான். நான் சொருகும் முன் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதிவைத்தேன். விடைத்தாள் திருத்துகிறவள் புத்தி, எதிலும் தேதி போடாமல் கை நிற்காது. பையன் கொண்டுவந்ததில் தேதி இல்லை. சொன்னேன். உள்ளே போய்த் திரும்பி வந்து, வேறு வண்டியோடது மாறிவிட்டது என்றான்.

மாறியிருக்கலாம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. நம் பிளஸ் டூ பையன்கள் மாதிரிதான் இருந்தான். பில் போடுகிற நேரத்தில் அவனே மெதுவாகச் சொன்னான்: வண்டிக்கு இவ்வளவு என்று டார்கெட் இருக்கிறதாம். ஆயில், ஃபில்டரெல்லாம் கணக்கில் வராதாம், மேற்கொண்டு விற்கிற கிளீனிங், கோட்டிங்தான் கணக்காம். மாசக் கடைசியில் அது குறைந்தால் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்பாராம். தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக் மணி அண்ணன் எப்போதும் சொல்வார், ஷோரூமில் புது வண்டிக்குத் தள்ளுபடி கொடுத்துக் கொடுத்து ஒன்றும் மிஞ்சுவதில்லை, பின்னால் இருக்கிற ஒர்க்‌ஷாப்தான் முன்னால் இருக்கிற கண்ணாடிக் கட்டடத்துக்குச் சோறு போடுகிறது என்று. அந்தச் சோற்றைப் பரிமாறும் வேலைதான் இந்தப் பையனுக்கு.

பில் கடைசியில் ஆறாயிரத்து நானூறு. வரியையும் பார். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகம் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு முன்னால் பெரும்பாலானதற்கு 28 இருந்தது. கூலிக்கு எப்போதும்போல 18. பில்லில் பாகத்துக்கு நேராக இன்னும் பழைய கணக்கு இருந்தால் கேள். ஆயில் எத்தனை லிட்டர் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கையேட்டில் இருக்கிற அளவோடு ஒப்பிட்டுப் பார்.

இதையெல்லாம் பெருமையடிக்க எழுதவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் ஐயாவை உனக்கு ஞாபகம் இருக்குமே, நீ வந்தபோது வாழைப்பூ கொடுத்தாரே, அவர்தான் என்னை இப்படி எழுதவைக்கிறார். அவர் வண்டி வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். நான் கேட்டதால் பழைய பில்லையெல்லாம் எடுத்துக் காட்டினார். வருஷம் தவறாமல் டீகார்பனைஸிங், வருஷம் தவறாமல் அடிப்பக்கக் கோட்டிங். பென்ஷன் பணம், கமலி. ஏன் ஐயா, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டை கட்டிட்டு அவ்வளவு மரியாதையா எடுத்துச் சொல்லுதான்மா. வேண்டாம்னா கஞ்சன்னு நினைப்பான்ல" என்றார். நாற்பது வருஷம் கவுன்டரில் ஒரு பைசா கணக்குத் தவறாதவர்!

அன்று ராத்திரி முழுக்க இதுதான் மனசில் ஓடியது. நம்மை யாரும் மிரட்டிப் பிடுங்குவதில்லை. நமக்கு வெட்கம், தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கம், காசில்லாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கம். நம்மைப் போன்ற பெண்களுக்கோ அதோடு "சார் வரலையா"வும் சேர்ந்துகொள்கிறது. காரைப் பற்றிப் பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவன் நினைப்பதற்கு முன்னாலேயே நாம் நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுகிறோம். காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற நாம், எட்டாயிரம் ரூபாய்க்கு டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போடுகிறோம். நீ போடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் திட்டுகிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நீ ஒரு முனை பிடித்தால் மறு முனைக்குப் போகிறவள். பிரேக் ஆயில், கூலன்ட் இதெல்லாம் அட்டவணையில் எப்போது என்று போட்டிருக்கிறதோ அப்போது மாற்றத்தான் வேண்டும், அங்கே கஞ்சத்தனம் கூடாது. கம்பெனி ஏதாவது பாகத்தைத் திரும்ப அழைத்தால் அதை டீலரிடம் காசில்லாமல் மாற்றித் தருவார்கள், அதனால் உறவை முறித்துக்கொள்ளாதே. வீல் அலைன்மென்டை மட்டும் நான் டயர் கடையில் பார்த்துக்கொள்கிறேன், அங்கே ஏறக்குறைய பாதி காசு.

வண்டியை வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடும் என்று உன்னை நிச்சயம் பயமுறுத்துவார்கள். என்னையும் பயமுறுத்தினான். இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும், அந்த வேலையால் கெட்டுப்போன அளவுக்கு வேண்டுமானால் மறுக்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். நீ காசு கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளைத் தனியாகப் படி, அதில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறார்களோ. அது முடியும்வரை அங்கேயே விட்டாலும் தப்பில்லை, வேண்டாததை மட்டும் அடிக்கச் சொல். பில்லில் தகராறு வந்தால் 1915க்குப் போன் பண்ணு, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஒன்று மட்டும் எனக்கே கவலையாக இருக்கிறது. மணி அண்ணன் கடையில் இப்போது இரண்டு பையன்கள்தான். எலக்ட்ரானிக்ஸ் கோளாறு என்றால் ஸ்கேனர் வேண்டும். அவர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், புது மாடல் வண்டிகள் சிலவற்றை அது படிப்பதே இல்லை. அவர் பையன் சர்வீஸ் சென்டர் வேலைக்குப் போய்விட்டான், அங்கே பிஎஃப் உண்டு, யூனிஃபார்ம் உண்டு. அண்ணன் வருத்தமில்லாமல்தான் சொன்னார். அவர் கடையைச் சாத்திவிட்டால் நான் எந்த தைரியத்தில் அட்வைஸரிடம் கையேட்டை நீட்டுவேன் என்று தெரியவில்லை. வேறு போக்கிடம் இருக்கிறது என்ற தெம்பில் பேசிய வாய்தானே இது.

சரி, வண்டி விடும் முன் எனக்கு எஸ்டிமேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதே. பையன் "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றால் என் நம்பரைக் கொடு, நான் குரலை மாற்றிப் பேசுகிறேன். வார்டனுக்குப் பேசியதைவிட இது சுலபம்.

பெரிய ஜெயா பெண் கல்யாணத்துக்கு வண்டியிலேயே வருவதாக இருந்தால் ராத்திரியில் ஓட்டாதே, திண்டுக்கல்லில் நின்று சாப்பிட்டுவிட்டு மெதுவாக வா. அந்த மயில்கழுத்தைக் கட்டிக்கொண்டு வராவிட்டால் வாசலிலேயே நிற்கவைப்பேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் வசந்தா