வீட்டுப் பிளான் வேறு, கம்பிப் படம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புதிய மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. பல இடங்களில் வேலைத்தளத்தில் இருப்பது ஒரேயொரு வீட்டுப் பிளான். தூண், அத்திவாரம் ஆகியவற்றின் அளவையும் கம்பியையும் காட்டும் கம்பிப் படம் இருக்காது. அறை, யன்னல், படிக்கட்டு, முகப்பு எல்லாம் பிளானில் ஒழுங்காக வரைந்திருக்கும். தூண் நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு கறுப்புச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் எத்தனை கம்பி, அதற்குக் கீழே அத்திவாரம் எவ்வளவு அகலம் என்று கேட்டால், "அது மேசனுக்குத் தெரியும்" என்பார்கள். மேசனுக்குத் தெரிந்தது போன வீட்டுக்குப் போட்ட அளவு. இந்த வீட்டின் பாரத்தை யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கட்டடக் கலைஞர் காணியைப் பார்த்து, வெளிச்சமும் காற்றும் எப்படி வர வேண்டும், வாடை மழை எந்தச் சுவரில் அடிக்கும், ஆட்கள் எப்படி நடமாடுவார்கள் என்று தீர்மானிப்பவர். கட்டமைப்புப் பொறியியலாளரின் வேலை, அந்தக் கட்டடத்தின் பாரம் கூரையிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் வழியைக் கணக்கிட்டு, தூண், பீம் (உத்தரம்), சிலப் (கொங்கிறீற்றுத் தளம்), அத்திவாரம் ஒவ்வொன்றுக்கும் அளவும் கம்பியும் குறிப்பது. ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா உலகப் புகழ் பெற்ற காலத்தில் அவருக்குத் தொழிற்பங்காளியாக இருந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

இரண்டு பேரும் ஆரம்பத்திலேயே பேச வேண்டும். கடலைப் பார்த்து 20 அடிக்குத் தூணில்லாத திறப்பு வேண்டும் என்றால், அதன் மேல் வரும் பீம் சுமார் 20 இஞ்சி ஆழம் எடுக்கும். பிளான் முடிந்த பிறகு இது தெரியவந்தால் பீமை ஒல்லியாக்கச் சொல்லித்தான் கேட்பார்கள்.

அத்திவாரக் கணக்கைப் பாருங்கள். தூண்கள் 12 அடிக்கு 12 அடி இடைவெளியில் நின்றால், நடுத்தூண் ஒவ்வொரு மாடியிலும் ஏறக்குறைய 13 சதுர மீற்றரைச் சுமக்கிறது. சிலப், பீம், சுவர், தரையோடு, ஆட்கள், தளபாடம் எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு முக்கால் தொன் என்று வைத்தால், சிலப் ஒன்றுக்குச் சுமார் 10 தொன். மண் சதுர மீற்றருக்கு 10 தொன் தாங்கும் என்றால், இரண்டு சிலப்புக்கு 4 அடி 8 இஞ்சிச் சதுர அத்திவாரமும், மூன்றாவதையும் ஏற்றினால் 5 அடி 8 இஞ்சியும் வேண்டும். வழக்கத்துக்கு 3 அடிச் சதுரம் வெட்டிவிட்டுப் பிறகு மாடிக்கு மேல் மாடி ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உவர்மலைப் பாறையும், நிலாவெளி மணலும், நிரப்பிய சதுப்புக் காணியும் ஒன்றல்ல. ஒரே வீட்டின் பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் இருந்தால், யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்புக் கிளம்பும்.

அதிகம் கவலை தருவது பால்கனி. மற்றச் சிலப்புகளில் முக்கியமான கம்பி அடியில் இருக்கும். வெளியே நீட்டி நிற்கும் சிலப்பில் அது மேலே இருக்க வேண்டும், உள்சிலப்புக்குள்ளும் போதிய தூரம் போக வேண்டும். 6 இஞ்சிச் சிலப்பில் மேற்கம்பி அடியிலிருந்து 4 இஞ்சி உயரத்தில் நிற்பதாகக் கணக்கிட்டிருப்போம். கொங்கிறீற்றுப் போடும் நாளில் வேலையாட்கள் அதன்மேல் நடக்க, கம்பி இரண்டரை இஞ்சிக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலம் அங்கேயே போய்விட்டது. கம்பியின் அளவும் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கம்பியை வளைத்துச் செய்த கால்களை அடியில் நெருக்கமாக வைத்து, நடப்பதற்குத் தனிப்பலகை போட்டால் இதைத் தவிர்க்கலாம். இன்னொன்று, 3 அடிப் பால்கனியை நாலரை அடியாக நீட்டினால் சுவரோரத்தில் வரும் வளைவுவிசை இரண்டேகால் மடங்காகும். "ஒன்றரை அடிதானே" என்று இடையில் மாற்றுவது ஆபத்து.

நம் ஊருக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்பதால் கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். தூணின் மூலை நெடுக ஓடும் வெடிப்பும், சிலப்பின் அடியில் கழன்று விழும் பொருக்கும் இப்படி வருபவை. கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீற்றர் கொங்கிறீற்று வேண்டும். சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற கலவை, கொங்கிறீற்றின் பலத்தைச் சொல்லும் தரத்தில் ஏறக்குறைய 20ஆம் தரம்தான், இங்கே 30ஆம் தரம் கேளுங்கள். 50 கிலோ சீமெந்து மூட்டைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றருக்கு மேல் நீர் போகக்கூடாது. உவர்க் கிணற்று நீரும் கழுவாத கடல்மணலும் வேண்டவே வேண்டாம். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் போட்ட சிலப் சீக்கிரமே காய்ந்து வெடிக்கும். உடனே மூடி, 7 நாட்களாவது ஈரச்சாக்கில் வைத்திருக்க வேண்டும்.

மேல்மாடி பிறகு கட்டலாம் என்று மொட்டைமாடியில் விட்டிருக்கும் கம்பிகளும் இதே உப்பில்தான் நிற்கின்றன. சில வருடங்களில் 12 மில்லிமீற்றர்க் கம்பி மெலிந்துவிடும், அதன் வழியே மழைநீரும் தூணுக்குள் இறங்கும். சீமெந்துக் கூழ் பூசி, சீமெந்து குறைந்த ஒல்லிக் கொங்கிறீற்றால் மூடிவிடுங்கள். புதிய கம்பியைச் சேர்க்க, பழையதும் புதியதும் 2 அடியாவது ஒன்றோடொன்று பக்கத்தில் நிற்கும் மேற்பொருத்தம் தேவை என்பதால், ஒரு அடி மட்டும் நீட்டி விட்ட கம்பி பயன்படாது.

உள்ளூராட்சி சபைகளிடம் ஒரு வேண்டுகோள். மாடிக் கட்டட விண்ணப்பத்தோடு, அத்திவாரம் எத்தனை மாடிக்குக் கணக்கிடப்பட்டது என்று எழுதிய கட்டமைப்புப் படத்தையும் (கம்பிப் படம்) பட்டயப் பொறியியலாளரின் கையொப்பத்தையும் கேளுங்கள். அந்தப் படத்தின் பிரதி வீட்டுக்காரர் கையிலும் இருக்க வேண்டும். கொங்கிறீற்றுப் போடுவதற்கு முதல்நாள் அவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தூணடியில் கம்பியை எண்ணிப் பார்க்கட்டும். தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய வெளிவளையத்துக்கும் அச்சுப்பலகைக்கும் இடையில் மூன்று விரலைச் சேர்த்து நுழைக்க முடியாவிட்டால், கவர் புளொக் (கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைத்துச் சரிசெய்யும் வரை கலவை போட விடக்கூடாது.

கட்டமைப்புப் பொறியியலாளர்கள் சிலர்,
திருகோணமலை.