கீசர் வால்வை அடைக்காதீர்கள்: டெல்டாவின் மின்பணியாளர்களுக்கும் குழாய்ப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளில் வீட்டு மின்வேலையும் குழாய் வேலையும் செய்துவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் உங்கள் கைப்பேசி ஓயாது என்பதை அறிவேன். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரை ஊரே ஒரே வாரத்தில் போட்டுப் பார்ப்பதும், சூடு ஏறவில்லை, தண்ணீர் சொட்டுகிறது, குழாயைத் தொட்டால் சுள்ளென்கிறது என்று உங்களை அழைப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. அந்த அவசரத்தில் நம் பகுதியில் வழக்கமாகிவிட்ட இரண்டு வேலைகளை அடியோடு நிறுத்த வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். சொட்டும் பாதுகாப்பு வால்வின் வாயைப் பிளக் போட்டு அடைப்பது ஒன்று. சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும், சூட்டை ஓர் அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் அடிக்கடி நின்றுபோகின்றன என்று அவற்றை விலக்கிவிட்டு, ஹீட்டருக்கு ‘டைரக்ட்’டாக, அதாவது நேரடியாக, மின்சாரம் கொடுப்பது மற்றொன்று.

முதலில் வால்வு. 28 டிகிரியில் உள்ள 15 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 200 மில்லி கூடுகிறது. குளிர்நீர் நுழையும் இடத்தில், நீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் இந்தக் கூடுதல் நீர் மாடித் தொட்டிக்குத் திரும்ப வழியில்லை. அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் அது வெளியேற வேண்டும். ஆகவே சூடேறும் நேரத்தில் மட்டும் ஒரு டம்ளர் அளவுக்குச் சொட்டினால் அது பழுதன்று, வால்வு தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். கீசர் அணைந்து ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டிருந்தால்தான் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) என்ற கணக்கில், சாதாரண மாடி வீட்டுத் தொட்டி தரும் அழுத்தம் பெரும்பாலும் ஒரு பாரைக்கூட எட்டுவதில்லை. பல வால்வுகளோ 8 பாரில் திறப்பவை. அப்படியிருக்க, ஆறிய கீசரில் சொட்டுவது வால்வு படிந்து மூடும் இடத்தில் உப்போ மணலோ சிக்கியிருப்பதன் அடையாளம். வால்வின் நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கி விட்டுப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றிவிடுங்கள். பிரஷர் பம்ப் வைத்த வீடாக இருந்தால் பம்பின் அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் விற்ற பழைய செம்புப் பாய்லரை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் கரி எரியும் குழாய், பக்கத்தில் தண்ணீர் ஊற்றும் புனல், அவ்வளவுதான். புனலின் வாய் எப்போதும் திறந்திருந்ததால் எவ்வளவு கொதித்தாலும் அது வெடிக்க வாய்ப்பில்லை. கீசரோ மூடிய கலம். அதற்கு இருக்கும் ஒரே வாய் அந்த வால்வு. தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு, கட்-அவுட்டும் விலக்கப்பட்டு, வால்வும் அடைபட்டிருந்தால், உள்ளிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைக் கடந்தும் சூடேறிக்கொண்டே போகும். கலம் பிளந்தால், ஆவியாக மாறும் நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். குளியலறையில் அந்த இடத்துக்கு எங்கே போவது?

இனி கட்-அவுட். அது விழுகிறது என்றால் ஏதோ அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதே செய்தி. நம் பகுதியில் அதற்கு முதற்காரணம் போர் தண்ணீர். அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கார்பனேட் ஓடாக ஹீட்டரின் மேல் படிகிறது. ஓடு தடிக்கத் தடிக்க வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் ஹீட்டரிலேயே தேங்கி, அது வெந்துபோகிறது. இவ்வாறு பழுதான ஹீட்டரை மட்டும் மாற்றிவிட்டு, அடியில் சேர்ந்த சுண்ணாம்புத் துகளை அப்படியே விட்டு வருவதால்தான் அடுத்த மழைக்கும் அதே வீட்டுக்கு அழைப்பு வருகிறது. கலத்தைக் காலி செய்து கழுவுங்கள். ஹீட்டரைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வையுங்கள். மெக்னீசியம் ஆனோடு கம்பி இன்னும் மீதமிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கலத்தின் இரும்பு அரிக்காமலிருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. அதைப் பற்றி வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கொள்ளிடத்து ஆற்றுநீர் வரும் வீட்டில் அது நெடுநாள் நிற்கலாம். வேதாரண்யம், நாகைப் பக்கத்து உப்பு நீரில் அவ்வாறு எதிர்பார்க்க முடியாது. கம்பியை மாற்ற எல்லா வீட்டுக்கும் ஒரே தவணை வைப்பது பொருந்தாது.

சூடு மெதுவாக ஏறுகிறது என்ற புகாருக்கும் உடனே ஹீட்டரைக் கழற்ற வேண்டாம்; மீட்டரை எடுத்து வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1,225 வாட்டே தரும். 17 நிமிடத்தில் சூடாக வேண்டிய 15 லிட்டர் 27 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். அதற்கு ஹீட்டர் என்ன செய்யும்? வெந்நீர் மட்டும் அழுகிய முட்டை போல் நாறினால், கிணற்று நீரின் நுண்ணுயிரிகளும் மெக்னீசியமும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பெரும்பாலும் காரணமாயிருக்கும். கலத்தை நன்கு சூடேற்றிக் கழுவி, அலுமினியம்-துத்தநாக ஆனோடு போட்டுப் பார்க்கலாம்.

சுள்ளென்னும் புகாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்குவதும், எர்த் பின்னை ஒடித்து இரண்டு பின்னில் ஓட்டுவதும் கொலைக்கு ஒப்பானவை. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருப்பதால் எர்த் நன்றாகவே காட்டும். சித்திரையில் எர்த் குழி காய்ந்த பிறகும் அதே அளவு இருக்குமென்று நம்ப வேண்டாம். எரிவாயு கீசரை மூடிய குளியலறைக்குள் மாட்டித் தரச் சொன்னால் எவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

குற்றம் முழுவதையும் உங்கள்மேல் போட நான் எழுதவில்லை. ‘சட்டென்று முடித்துக் கொடுங்கள், புதுசெல்லாம் வேண்டாம்’ என்று வற்புறுத்துபவர்கள் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்களே. ஆயினும் சில நூறு ரூபாய் வால்வுக்கு மறுப்பவர் வீட்டில் வேலையை ஏற்காமல் திரும்பி வரும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே அடைத்துவிட்டும் ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டும் வந்த வீடுகள் எவை என்பது உங்களுக்கே நினைவிருக்கும். மார்கழி பிறப்பதற்குள் அவற்றுக்கு ஒருமுறை சென்று, பிளக்கைக் கழற்றி, கட்-அவுட்டை மீண்டும் இணைத்து, பார்த்த தேதியை மார்க்கரால் கீசரின் மேலேயே எழுதி வையுங்கள். அதற்குரிய கூலியையும் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்