ஐகானின் மூலத்தைத் தேடி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வடை ஆறுவதற்குள் அறிக்கை முடிந்துவிடும் என்று நம்பி வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

பெங்களூரு அல்சூர் மாடி அறையில் நம் கணினி வட்டம் மாதம் ஒரு ஞாயிறு கூடுவது இந்த ஆண்டும் தொடர்ந்தது. ஒரு மாதம் மழை, ஒரு மாதம் கீழ்வீட்டில் கல்யாணம். அந்த இரண்டு கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரையும் அவரே வாசிப்பார். பழுது பார்த்த கணினிகளின் பட்டியல் பலகையில் ஒட்டியிருக்கிறது. எனவே நான் நேராக ஐகான் விவகாரத்துக்கு, அதாவது கணினித் திரையில் வரும் குட்டிப் படங்களின் விவகாரத்துக்கு வருகிறேன்.

அது பொங்கல் கண்காட்சியில் தொடங்கியது. விண்டோஸ் 95-இன் 'மை கம்ப்யூட்டர்' ஐகானை ஆளுயரப் போஸ்டராக வாசலில் வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். அச்சடித்த கடையில் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, ஓரமெல்லாம் மழமழவென்று வழித்துக் கொடுத்துவிட்டார்கள். மானிட்டர் வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இருந்தது. "இதோட ஒரிஜினல் பெருசா இல்லையா அங்கிள்?" என்று ஒரு பையன் கேட்டான். வட்டத்தில் இத்தனை பேர் இருந்தும் பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டோம்: பழைய டெஸ்க்டாப் ஐகான்களின் மூல ஓவியங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுவது, தெரிந்ததைப் பதிவேட்டில் எழுதி வைப்பது.

தேடத் தொடங்கியதும் முதல் தகராறு, மூலம் என்றால் எது என்பதில்தான்.

ஆப்பிளின் மெக்கின்டாஷ் விஷயத்தில் சிக்கல் இல்லை. 1984-இல் வெளிவந்த அந்தக் கணினிக்கு ஐகான்கள் வரைந்தவர் சூசன் கேர். மெக்கின்டாஷ் குழுவில் இருந்த பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அவரை அந்த வேலைக்கு அழைத்தபோது, கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். 32-க்கு 32 கட்டம். ஒரு கட்டம் என்றால் திரையில் ஒரு புள்ளி. நிரப்பினால் கறுப்பு, விட்டால் வெள்ளை. சிரிக்கும் கணினி, குப்பைத் தொட்டி, கைக்கடிகாரம், வெடிகுண்டு எல்லாம் இந்த அளவுக்குள் வந்தவைதான். அந்த நோட்டின் பக்கங்கள் சில இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. காகிதம் இருக்கிறது, வரைந்த கை யாருடையது என்று தெரிகிறது. பதிவேட்டின் முதல் வரி அதுதான்.

அந்தப் பக்கங்களின் படத்தைக் கூட்டத்தில் காட்டியபோது ஓர் உறுப்பினரின் அம்மா எட்டிப் பார்த்து, "இது என்ன, 32 நேர்ப்புள்ளியா? யார் வீட்டு வாசலுக்கு?" என்று கேட்டார். சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆப்பிள் விசைப்பலகையில் கட்டளை விசை மேல் இருக்கும் நான்கு காது வைத்த சதுரத்தைப் பாருங்கள், நம் சிக்குக் கோலத்தின் ஒரு சுழி போலவே இருக்கும். கேர் அதை எடுத்தது ஒரு குறியீட்டு அகராதியிலிருந்து; சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் சாலையோரக் குறி அது. மெனுவில் ஆப்பிள் சின்னம் கண்ட இடத்திலெல்லாம் வருகிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சலித்துக்கொண்டதால் அவசரமாகத் தேடிப் பிடித்தது.

விண்டோஸ் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-க்கும் ஐகான்கள் வரைந்தவர் அதே சூசன் கேர்தான். அலுவலக நேரத்தில் சாலிடேர் ஆடிய உறுப்பினர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. அந்தச் சீட்டுக்கட்டும் அவர் வரைந்தது. இப்போது 16 நிறம் வந்துவிட்டது. ஆனால் காகிதம் தேடி ஓட வேண்டியதில்லை என்பது என் கட்சி. புள்ளி புள்ளியாகத் திரையிலேயே வைத்த ஐகானுக்கு அந்த 1024 புள்ளிகள்தான் மூலம். அதற்குப் பின்னால் பெரிய ஓவியம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று நினைப்பது, கோலத்துக்குப் பின்னால் பெரிய கோலம் ஒன்று இருக்கிறது என்று நினைப்பது போல.

இதைச் சொன்னால் போதாது, காட்டு என்றார்கள். ஜூன் கூட்டத்தில் ஒரு பழைய ஐகான் கோப்பைப் பிரித்துக் காட்டினேன். சரியாக 766 பைட். தொடக்கத்தில் 00 00 01 00 01 00 20 20 10 என்று இருக்கும். பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 20 என்றால் 32; ஆக 32 அகலம், 32 உயரம். 10 என்றால் 16 நிறம். தலைப்பும் நிறப்பட்டியலும் 126 பைட்டில் முடிந்துவிடும். படத்துக்கு 512. கடைசி 128 பைட், எந்தப் புள்ளியில் படம், எந்தப் புள்ளியில் பின்னால் இருப்பது தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பு. வரிசைகள் கீழிருந்து மேலாக எழுதப்பட்டிருக்கும். அதனால் கையால் கட்டத்தாளில் ஏற்றிய நம் இளைய உறுப்பினருக்கு முதலில் குப்பைத் தொட்டி தலைகீழாகத்தான் வந்தது. அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல மேலே தொடர்ந்தார்.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகுதான் அந்தப் பையனின் கேள்விக்கு 'ஆமாம், பெருசா இருந்திருக்கும்' என்று சொல்ல முடிகிறது. ஐகான்ஃபேக்டரி என்ற நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து செய்தவை அவை. முதலில் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கெடாத கோட்டுப்படமாக வரைந்து, பிறகு 48, 32, 16 என்று சுருக்கி, ஒவ்வொன்றையும் நிற எண்ணிக்கையில் மூன்று வகையாக வைப்பது அந்தக் காலத்து முறை. ஒரு கோப்புக்குள் ஒன்பது படம்! இங்கே மூலம் என்பது நம் கணினிக்கு வந்தே சேராத ஒன்று. பதிவேட்டில் இந்தப் பக்கம் காலியாக இருப்பதற்கு அதுதான் காரணம், செயலாளரின் சோம்பல் அல்ல.

எக்ஸ்பியின் பச்சைப் புல்மேட்டையும் சேர்க்க வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதம் பிடித்தார்கள். அது ஐகான் இல்லை, திரையின் பின்னணியில் வரும் சுவர்ப்படம். என்றாலும் சேர்த்தேன், ஏனென்றால் அதற்கு மூலம் கையில் பிடிக்கிற பொருள்: சார்லஸ் ஓரியர் 1996-இல் கலிஃபோர்னியாவின் சோனோமா பக்கத்தில் எடுத்த ஃபிலிம். விலை மதிப்பைக் கேட்டு கூரியர்காரர்கள் தயங்க, அவரே விமானம் ஏறி மைக்ரோசாஃப்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

செப்டம்பரில் நடந்த சண்டையையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஓர் உறுப்பினர் விண்டோஸ் 95 ஐகான்களின் 'மூலப் படம்' என்று பளபளவென்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். கைதட்டல்கூட விழுந்தது. பிறகு பொருளாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு மிக அருகில் போய், "இந்த ஃபிளாப்பி மேல என்ன எழுதியிருக்கு?" என்றார். எழுத்து மாதிரி இருந்தது, எந்த மொழியிலும் எழுத்து இல்லை. செயற்கை நுண்ணறிவு கட்டிவிட்ட கதை. சுருக்கிப் பார்த்தால் பழைய ஐகானோடு ஒத்துப்போகிறதே என்று கொண்டுவந்தவர் வாதாடினார். ஒத்துப்போகத்தான் செய்யும், அதிலிருந்துதானே பெருக்கியிருக்கிறார்கள்! உண்மையான மூலத்தில், சின்னப் படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாத ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வெட்டிப்போன ஓரம், மாற்றி வைத்த நிறம், அழித்த கோடு. அப்படி ஒன்றைக் காட்டினால்தான் பதிவேட்டில் ஏற்றுவது என்று அன்று முடிவானது. அவரும் கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் முகம் வாடித்தான்.

பழைய கணினிச் சாமான் தேடி எஸ்.பி. ரோடு கடைகளில் அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று சனிக்கிழமை போனோம். பழைய சிஸ்டம் அப்படியே இருக்கிறது என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த ஹார்ட் டிஸ்கை வீட்டில் மாட்டினால் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. வாங்கி வந்த ஃபிளாப்பிகளில் பாதிக்கு மேல் வெள்ளைப் பூஞ்சை. பெங்களூரு ஈரத்துக்கு அலமாரி கோட்டே தாங்காது, காந்தத் தட்டு எப்படித் தாங்கும்?

கிடைத்தது எதிர்பாராத இடத்தில். தொண்ணூறுகளில் நம் மூத்தவர்கள் நடத்திய தமிழ்க் கணினி வகுப்புக்கு ஒரு குத்துவிளக்கு ஐகான் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். விண்டோஸ் 3.1-க்குச் செய்தது, கோப்பு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. அதை வரைந்த முன்னாள் செயலாளர் ஐயாவின் ஜீவன்பீமா நகர் வீட்டில் பரணை ஒழித்தபோது, கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள்ளிருந்து ஒரு கிராஃப் தாள் விழுந்தது. பின்பக்கம் அவர் மகள் பத்தாம் வகுப்பில் போட்ட பரவளைவு. முன்பக்கம் நம் விளக்கு.

ஸ்கெட்ச் பேனா பெட்டியில் 12 நிறம்தான் இருந்ததாம், ஐகானுக்கு 16. அதனால் கட்டத்துக்குக் கட்டம் நிறம் அடிக்காமல் பென்சிலில் எண் எழுதியிருக்கிறார். பட்டியலில் பித்தளை நிறமே கிடையாது; தண்டு முழுக்க மஞ்சளும் அடர்மஞ்சளும் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வருகின்றன. தள்ளி நின்று பார்த்தால் பித்தளை. மேலே சுடர், ஐந்து கட்டம், இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நம் கோப்பில் சுடர் நேராக நிற்கிறது!

ஐயாவிடம் கேட்டோம். "காத்துல சாயற மாதிரிதான் நான் போட்டேன்பா. கம்ப்யூட்டர்ல ஏத்தினவர் நிமித்திட்டார். அன்னிக்கே சொன்னேன், கேக்கல" என்றார். முப்பது வருட மனக்குறை. ஏற்றியவர் இப்போது ஊரில் இல்லை, அவர் தரப்பைக் கேட்க முடியவில்லை. செப்டம்பர் விதிப்படி அந்தத் தாள் மூலம்தான் என்று ஒருமனதாக ஏற்று, பதிவேட்டில் புது வரியாக எழுதியிருக்கிறோம். சாய்ந்த சுடரோடு ஐகானைத் திருத்த வேண்டுமா, பழையபடியே விடுவதா என்பது இன்றைய கூட்டத்தின் நான்காவது பொருள். திருத்தக் கூடாது, இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும் என்பது என் கருத்து; ஐயா வேறு மாதிரி நினைக்கிறார், அவரே பேசுவார்.

தாள் பிளாஸ்டிக் உறையில் பொருளாளர் மேசை மேல் இருக்கிறது. எல்லோரும் பார்க்கலாம். வடை சாப்பிட்ட கையோடு மட்டும் தொடாதீர்கள்.