10,840 ரூபாய்க்கு ஸ்டெப் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியருக்கு ஓர் ஆசிரியை எழுதும் கடிதம் இது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் அதைப் பற்றி நிறையப் படிக்கிறேன். ஆலைத் தொழிலாளி, ஐ.டி. ஊழியர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகள் என்று எல்லோரையும் பற்றி எழுதினீர்கள். தனியார் பள்ளியில் சாக்பீஸ் பிடித்தவர்களைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடம் போதாவிட்டால் என் புலம்பலை வெட்டுங்கள், கணக்கை வெட்டிவிடாதீர்கள்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 2011 ஜூன் 6ஆம் தேதி கணித ஆசிரியையாகச் சேர்ந்தேன். மாமியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு காலை ஏழே முக்காலுக்கு வேன் பிடிக்க முடியாமல் போனது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதியோடு விலகினேன். கடைசியாக என் மாதச் சம்பளம் 19,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,600. மீதி 3,900 வாடகைப்படி, இதரப்படி.

மே 14ஆம் தேதி கணக்கு முடிக்க வரச் சொன்னார்கள். போனேன். மேஜையில் ஒரு வவுச்சர் தயாராக இருந்தது. ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. "ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மெண்ட் ரூ. 10,840. எனக்குச் சேர வேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை." அவ்வளவுதான். பதினான்கு வருஷத்துக்கு இரண்டு வரி, ஓர் எண்.

ஐந்து மார்க் கணக்கில் விடையை மட்டும் எழுதி வைத்த பிள்ளைக்கு நான் ஒரு மார்க்குக்கு மேல் போட்டதில்லை. விடை சரியாகவே இருந்தாலும் சரி, "ஸ்டெப் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வவுச்சரைப் பார்த்ததும் அதே கேள்விதான் வாயில் வந்தது.

கணக்கு எழுதும் தம்பி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். மேனேஜர் போன் பேச வெளியே போன நேரமாகப் பார்த்து வவுச்சரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிக் காட்டினான். ஏப்ரல் சம்பளம் 19,500. பி.எஃப். பிடித்தம் 1,800. நோட்டீஸ் குறைவு பத்து நாள், நாளுக்கு 650 வீதம் 6,500. நூலகப் புத்தகம் ஒன்று திரும்பவில்லை, 360. கூட்டிக் கழித்தால் 10,840. "இவ்வளவுதான் மிஸ், இதை நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க" என்றான். காட்டிய கையோடு ரப்பர் போட்டு அழித்தும் விட்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. கழித்தல் சரியாகவே இருந்தது.

அந்தப் பத்து நாள் எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். மூன்று மாத நோட்டீஸ் என்று நியமன உத்தரவில் இருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. அதற்காகவே ஜனவரி 31ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, ராஜினாமாக் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். கரஸ்பாண்டென்ட் (பள்ளித் தாளாளர்) ஊரில் இல்லை. அவர் வந்து பார்த்த பிறகுதான் கடிதம் வந்து சேர்ந்ததற்கான இன்வர்டு சீல் குத்தினார்களாம், அது பிப்ரவரி 10. அந்த இடைப்பட்ட பத்து நாளும் நான் வகுப்பில்தான் இருந்தேன். இருந்து என்ன, என் நகலில் சீல் வாங்கி வைக்கவில்லை. பதினான்கு வருஷமாகப் பழகிய இடத்தில் போய் "கொடுத்ததற்கு அத்தாட்சி கொடுங்கள்" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் விலை 6,500 ரூபாய். அந்த நூலகப் புத்தகத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வினா வங்கி. நான் கையெழுத்துப் போட வவுச்சரை நீட்டிய அதே மேஜையில், பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது.

மேனேஜர் திரும்பி வந்ததும் கிராஜுவிட்டியை, அதாவது பல வருடம் வேலை பார்த்து விலகுபவருக்குத் தர வேண்டிய பணிக்கொடையை, கேட்டேன். "சார், கிராஜுவிட்டி இதுல வரலையே?"

"டீச்சருக்கெல்லாம் கிராஜுவிட்டி கிடையாது டீச்சர். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. நீங்க என்ன ஃபேக்டரியிலயா வேலை பார்த்தீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதை வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். 1972ஆம் வருடப் பணிக்கொடைச் சட்டத்தை 1997 ஏப்ரல் 3 முதல் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு விரிவுபடுத்தியது. ஆனால் சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்கான விளக்கத்தில் உடலுழைப்பு, மேற்பார்வை, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை என்று இருந்ததே தவிர, பாடம் சொல்லிக்கொடுப்பது எதிலும் சேரவில்லை. ஆசிரியர் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. மேனேஜர் அந்த வருஷத்திலேயே நின்றுவிட்டார். 2009இல் நாடாளுமன்றம் அந்த விளக்கத்தையே திருத்தியது. எந்த வகை வேலையானாலும் ஊழியர்தான் என்று எழுதி, அதை 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும் என்று பின்தேதியிட்டும் கொடுத்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்தப் பள்ளியும் இப்போது "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. சொல்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. "சரி சார், யோசிச்சுட்டு நாளைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்" என்றேன். மேனேஜர் பச்சை பீரோவைத் திறந்தார். சேர்ந்த அன்று வாங்கி வைத்த என் ஒரிஜினல் சான்றிதழ்கள், பி.எஸ்சி., பி.எட்., சாதிச் சான்றிதழ் எல்லாம், ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தன. எடுத்து மேஜையில் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. பேனாவைத்தான் என் பக்கம் தள்ளினார்.

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அதன் கீழே பொடி எழுத்தில் "கணக்கு விவரம் தரப்படவில்லை" என்றும் எழுதினேன். மேனேஜர் பார்க்கவில்லை. கணக்குத் தம்பி பார்த்தான், பேசாமல் ஃபைலை மூடினான். பிறகு தெரிந்துகொண்டது: அப்படி எழுதாமல் விட்டிருந்தாலும் கிராஜுவிட்டி போயிருக்காது. எந்த ஒப்பந்தமும் அந்த உரிமையைத் தடுக்க முடியாது என்று, நான் விலகியபோது நடப்பில் இருந்த பணிக்கொடைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொன்னது. சான்றிதழுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

இனி என் கணக்கு, ஸ்டெப்போடு. கடைசியாக வாங்கிய அடிப்படையும் அகவிலைப்படியும் 15,600. வாடகைப்படி சேராது. மாதத்தில் ஞாயிறு போக 26 நாள் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. 15,600ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 600. ஒரு வருடத்துக்கு 15 நாள் கூலி, ஆக 9,000. நான் பார்த்தது 13 வருடமும் பத்து மாதத்துக்குச் சற்று மேலும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு வருடமாகக் கொள்ள வேண்டும், ஆக 14. பெருக்கினால் 1,26,000 ரூபாய். விலகிய முப்பது நாளுக்குள் தந்திருக்க வேண்டும், தவறினால் வருடத்துக்கு 10 சதவீதம் தனிவட்டி. மாதம் 1,050 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. தனிவட்டிக் கணக்கு இத்தனை இனிப்பாக இருக்கும் என்று பாடம் நடத்தியபோது தெரியவில்லை.

பணிக்கொடை கேட்டு நிர்வாகத்துக்கு அனுப்ப அப்போது படிவம் 'ஐ' என்று ஒன்று இருந்தது. ஒரே பக்கம். அதை நிரப்பி மே மாதக் கடைசியில் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். (இந்த முறை கூச்சப்படவில்லை.) பதினைந்து நாளுக்குள் தருகிறோம் அல்லது இன்ன காரணத்தால் தர முடியாது என்று நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. ஜூலையில் தொழிலாளர் துறையில் படிவம் 'என்', அதாவது பணிக்கொடை தரவில்லை என்ற மனு, கொடுத்தேன். வக்கீல் வைக்கவில்லை. நானே போய் நின்றுகொள்கிறேன்.

முதல் விசாரணையில் பள்ளியின் வக்கீல் ஒரு பதிவேட்டை நீட்டினார். அதன்படி ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30 அன்று என்னை வேலையிலிருந்து விடுவித்து, ஜூன் மாதம் புதிதாக நியமித்திருக்கிறார்கள். ஆகவே பணிக்கொடைக்குத் தேவையான ஐந்து வருடத் தொடர் பணியே கிடையாதாம். மே மாதச் சம்பளம் தராமல் இருந்ததற்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. மே மாதச் சம்பளம் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் பார்த்திராத ஒன்று, அதைச் சொல்லத் தனிக் கடிதம் வேண்டும். அந்த மே மாதங்களில்தான் நாங்கள் நோட்டீஸ் கட்டோடு தெருத் தெருவாக அட்மிஷனுக்கு அலைந்தோம், பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தோம்.

நல்லவேளையாக நான் காகிதத்தைத் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. என் பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதி ஒன்றே ஒன்றுதான், 2011 ஜூன். விடைத்தாள் திருத்தப் போனபோது பள்ளி அனுப்பிய பட்டியலின் ஜெராக்ஸ் இருந்தது. அதில் என் பெயருக்கு நேரே "பணி அனுபவம் 12 ஆண்டுகள்" என்று எழுதி முதல்வர் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டையும் கொடுத்தேன். ஊழியரின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோகும் இடைவெளியால் தொடர் பணி முறியாது என்று சட்டத்தில் இருப்பதையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகப் படித்துக் குறித்துக்கொண்டார். வழக்கு நடக்கிறது, தீர்ப்பைப் பற்றி நான் பேசக்கூடாது.

விலகப் போகிற ஆசிரியர்களுக்கு இரண்டொன்று சொல்கிறேன். போனஸைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள், போனஸ் சட்டம் கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்தாது. பி.எஃப்.இல் பள்ளி உங்கள் விலகல் தேதியைப் போடாவிட்டால் கெஞ்ச வேண்டாம், இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் போட்டேன். பிறகு, விலகியவருக்குச் சம்பளப் பாக்கியைத் தருவதற்கான இரண்டு நாள் கெடு. 1936ஆம் வருடச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் நிர்வாகம் வேலையை விட்டு எடுத்தால்தான் இரண்டாம் வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்று இருந்தது. நானாக விலகியவள், எனக்கு அது பொருந்தவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் தானாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாள்தான் கெடு. நான் ஏழு மாதம் முந்திவிட்டேன்.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பள்ளிக்கு அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று கேட்கிறீர்கள், தீயணைப்புத் துறைச் சான்று கேட்கிறீர்கள், கழிவறையை எண்ணிப் பார்க்கிறீர்கள். கூடவே, கடந்த மூன்று வருடத்தில் விலகிய ஆசிரியர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன கணக்கில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று ஒரு தாள் கேளுங்கள். விடை மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த விசாரணைக்கு மறுபடியும் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக பஸ் பிடித்துப் போக வேண்டும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருகிறார். மாலை டியூஷன் பிள்ளைகளுக்கு அன்று லீவு சொல்லியாயிற்று.

என் பெயரை வெளியிட வேண்டாம். போட்டால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். என் சான்றிதழ்கள் என் கைக்கு வந்துவிட்டன. என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்த அறிவியல் டீச்சருடையதும் தமிழ் ஐயாவுடையதும் இன்னும் அந்தப் பச்சை பீரோவில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
முன்னாள் கணித ஆசிரியை,
கடலூர் மாவட்டம்.